இரைச்சலை நீக்கவா

ஒரே நான்கு நிமிடத்தை
ஒன்பது முறை பேசிவிட்டேன் இன்று.
"வணக்கம். இது கரைசேர்ப்புப் படிவம்.
முதல் கட்டத்தில் படகின் எண்."

போர்வெனீரில் இரவு பத்தரை.
நவம்பர் ஆதலால் வெளிச்சம்
நீரிணைப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிடக்கிறது.
தகரக் கூரையைக் காற்று பிறாண்டுகிறது,
உள்ளே விடச் சொல்லும் நாயைப் போல.

மீன்துறை இனிக் காகிதம் வாங்காதாம்.
நண்டுப் படகுக்காரர்கள் அறுபத்து மூன்று பேர்
திரையில் எழுதிப் பழக வேண்டும்.
சங்கத்தில் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுகிறவள்
நான் ஒருத்தி.
வேறு யார் தலையில் விழும்?

தலைவர் ரோசாமெல் ஓயார்சோ சொன்னார்:
"திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் எது நல்லது,
ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதித் தா, எதேல்மிரா.
இலவசமானால் இன்னும் நல்லது."

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
பல்லுக்குப் பல் கம்பெனிப் பெயர்.
படிவத்தின் குறுக்கே, சாம்பல் நிறத்தில், சாய்வாக,
சொல்லிவைத்தாற்போல் 'எடை' என்ற கட்டத்தின் மேல்.
மூன்றாம் நிமிடத்தில் அது தானே நின்றும்போனது.
"இங்கேதான் கவனிக்க வேண்டும்" என்று
கவனிக்க ஆளில்லாமல்
நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று அம்புக்குறியை விழுங்கியது.
பொத்தான்கள் தாமாகவே அமுங்கின,
கட்டங்கள் தாமாகவே நிரம்பின.
நோல்பெர்ட்டோ பார்த்தால்
நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு
காகிதம் தேடப் போய்விடுவார்.

பிறகு அந்தப் பெரியது.
யாரோ புண்ணியவான்கள் கூடிச் செய்து
ஊருக்கு விட்டது. காசும் கேட்கவில்லை, பெயரும் பொறிக்கவில்லை.
ஆனால் திறந்தால் ஒரு கப்பலின் இயந்திர அறை.
எந்தத் திருகைத் தொட்டாலும்
வேறெங்கோ ஒன்று அணைகிறது.
என் பழைய மடிக்கணினியின் விசிறி
படகு மோட்டாராய் அலறியது.
சொல் ஒரு சாண் பின்னால் வந்தது:
"அழுத்துங்கள்" என்கிறேன்,
அழுத்தியாகிவிட்டது எப்போதோ.

காசுக்கானதைப் பதினான்கு நாள்
ஓசியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள்.
அழகு. கண்ணாடித் தண்ணீர்.
கேட்டது ஒரே கேள்வி:
'பின்னணி இரைச்சலை நீக்கவா?'
நீக்கு என்றேன்.

விசிறியை நீக்கியது.
குளிர்பெட்டியை, நாற்காலியின் முனகலை,
கூரையை, காற்றை.
'பெண் நண்டு' என்ற கட்டத்துக்கு முன்னால்
நான் விடும் சின்ன மூச்சையும் நீக்கியது.
பெண் நண்டைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்,
எல்லோரும் பூஜ்ஜியம் என்றுதான் எழுதுவார்கள்.
யார் யார் எழுதும் பூஜ்ஜியம்
எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும் என்பதை
அந்த மூச்சில்தான் வைத்திருந்தேன்.

இரண்டு மாதிரிகளை
ஓர்ஃபெலினா மான்சீயாவுக்கு அனுப்பினேன்.
நாற்பது வருடம் கூடை இறக்கிய கை,
பொய் சொல்லத் தெரியாத வாய்.
பொழுது புலர்வதற்குள் பதில் வந்தது,
பின்னால் மோட்டாரும் கடற்காகமுமாக:

"ரெண்டாவது வீடியோ சுத்தமா இருக்கு.
ஆனா யாரு அந்தப் பொண்ணு?
சாண்டியாகோவிலிருந்து பேசுறாளா?
நம்ம பக்கத்துல ஒருத்தி பேசினா
இடையில காத்தும் நாலு வார்த்தை பேசுமே."

ஓயார்சோவுக்கான அட்டவணையைத் திறந்தேன்.
விலை. தெளிவு. நேர வரம்பு. முத்திரை உண்டா.
காற்றுக்கு ஒரு பத்தி சேர்த்தேன்,
தலைப்பில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
அழித்தேன்.

பெரியதையே மறுபடி திறக்கிறேன்.
ஒலியை இருநூறு மில்லி நொடி முன்னால் இழுக்கிறேன்.
இல்லை, இருநூற்று நாற்பது.
சிவப்புப் புள்ளி எரிகிறது.
"வணக்கம்" என்று வாயெடுக்கிறேன்,
கூரை முந்திக்கொள்கிறது.

போகட்டும்.
முதல் கட்டத்தில் படகின் எண்.